தினம் ஒரு தோட்ட வார்த்தை, தினம் ஒரு செத்த செடி

செடி விக்கிற தொழில்ல வித்த சாமான் திரும்பி வந்தா பொணமாத்தான் திரும்பி வரும்.

வேற எந்தக் கடையிலயும் இந்தக் கொடுமை கெடையாதுங்க. செருப்பு அறுந்தா தைச்சுக் குடுக்கலாம். மிக்ஸி கெட்டுப் போனா கரண்ட்டைக் குத்தம் சொல்லலாம். "செடி செத்துப் போச்சு"ன்னு ஒருத்தர் சட்டியோட வந்து நின்னா நம்ம மூஞ்சியை எங்க கொண்டு போய் வச்சுக்கறது? நர்சரி வச்சிருக்கறவங்க, நர்சரியில வேலை பாக்கறவங்க, மொட்டை மாடியில ரெண்டு தொட்டி வச்சுக்கிட்டு பல்லு கூட தேய்க்காம ஓடிப் போய் "இன்னிக்காவது உயிரோட இருக்கியா?"ன்னு எட்டிப் பாக்கறவங்க, எல்லாரும் கிட்ட வாங்க. நம்ம எல்லாம் ஒரே ஆஸ்பத்திரி வார்டு.

நான் இப்ப கொச்சியில தேவராவுல ஒரு போட்டோஸ்டாட் கடையில டைப் அடிக்கற வேலை பாக்கறேன். ஆளு வராத நேரத்துல இதை அடிக்கறேன், அதனால நடுநடுவுல எந்திரிச்சுப் போவேன், கோவிச்சுக்காதீங்க. வீட்ல தமிழ், ஸ்கூல்ல மலையாளம், ரெண்டும் கலந்த ஒரு மாதிரி சாம்பாரு எங்க பாஷை. இதுல பேசறவங்க முக்காவாசி பேரு மலையாளத்துலதான் பேசினாங்க. நான் தமிழாக்கி எழுதறேன். அங்கங்க ஒட்டிக்கிட்டு இருக்கற மலையாளத்தை அப்படியே விட்டுட்டேன், பிடுங்கினா வேரோட வருது.

இதுக்கு முன்னாடி மட்டாஞ்சேரி கொச்சங்காடியில நாசர் இக்காவோட குடோன் முத்தத்துல நான் நர்சரி நடத்தினேன். முத்தம்னா முற்றம், ஒரு காலத்துல சுக்கு காயப் போட்ட எடம். அப்புறம் சும்மா கெடந்துச்சு. கிருஷி பவன்ல, அதான் வேளாண்மை ஆபீஸ்ல, ஒரு டிரெயினிங் போயிட்டு வந்து, தலைகால் தெரியாம அவர்கிட்ட போய் முத்தத்தைக் கேட்டேன், குடுத்துட்டார். வெண்டை, தக்காளி, மிளகாய், புடலை, கீரை, எல்லாத்துக்கும் விதையும் நாத்தும். கேட்டுல ஒரு கரும்பலகை மாட்டி, புதுசா செடி வளக்கறவங்களுக்காக தினம் ஒரு வார்த்தை எழுதி, கீழ ரெண்டு வரி வெளக்கம் போடுவேன். அவ்ளோ ஆர்வம்!

ஆனா செத்த செடியோட வர்றவங்க எல்லாரும் கேட்டுல நின்னு கத்தறது இக்கா காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. பக்கத்துல டைல்ஸ் கடைக்காரர் வேற, "முத்தத்தை எனக்குத் தாங்க, டைல்ஸ் அடுக்கிக்கறேன்"னு அவரைத் தொரத்திக்கிட்டே இருந்தார். விஷு முடிஞ்ச கையோட இக்கா என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சார். இதுதான் அவர் சொன்னது: "என் வாப்பா காலத்துல இருந்து இங்க இருந்து போன சரக்கு திரும்பி வந்ததில்லை மோளே. செத்துப் போற சாதனத்தை வித்து வர்ற காசு எனக்கு வேண்டா. ஓணம் வரைக்கும் பாக்கலாம். இங்க வாங்கின செடியில காச்சதுன்னு ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு காயை என் கையில கொண்டு வந்து தரட்டும். முத்தம் உனக்கு. இல்லேன்னா டைல்ஸ்காரனுக்கு."

ஒரு காய்! ஒரே ஒரு காய்! நான் அங்கயே குதிச்சேன். எனக்கு அப்ப எங்க ஊரு ஆளுங்களைப் பத்தித் தெரியாது.

முளைப்பு

ஷேணாய் சார் பாங்க்ல இருந்து ரிட்டயர்டு ஆனவர். கொங்கணிக்காரர், அவ்ளோ சுத்தம், அவ்ளோ ஒழுங்கு. புடலை விதை வாங்கிட்டுப் போனார். பலகையில நான் எழுதினதைக் கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சார்: "முளைப்பு. விதை மண்ணுக்குள்ள ஈரம் குடிச்சு, உறங்கி எந்திரிக்கற நேரம். பொறுமையா காத்திருக்கணும்." இவர்தான் எனக்கு காய் கொண்டு வரப் போறவர்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு விதையை ஒரு சின்ன டப்பாவுல பஞ்சு வச்சுக் கொண்டு வந்தார், தொலைஞ்சு போன பல்லு மாதிரி. "முளைக்கலை." மண்ணு சரியா, தண்ணி சரியா, எல்லாம் கேட்டேன். எல்லாம் சரி. கடைசியில, "தினம் காலையில ஸ்பூனால எடுத்து, குழாயில கழுவி, முளை வந்துருக்கான்னு பாத்துட்டுத் திரும்பப் பொதைச்சுருவேன்"னார். நான் தலையில கை வச்சு உக்காந்துட்டேன். தினம் எடுக்கக் கூடாது சார், அதுக்கு வேரு விடவே நேரம் இல்லையேன்னு கெஞ்சினேன். அவருக்கு வந்ததே கோவம்.

"முப்பது வருஷம் பாங்க்ல இருந்தவன் நான், உள்ள போட்டதை தினம் எடுத்து சரி பாக்காம எனக்கு ராத்திரி தூக்கம் வராது!"

வடிகால்

சட்டிக்கு அடியில இருக்கற ஓட்டையைப் பத்தி எழுதறேன். இதைப் படிக்கற உங்கள்ல பாதிப் பேரு இந்த ஓட்டையால அழுதுருப்பீங்க. எக்ஸ்ட்ரா தண்ணி அது வழியாத்தான் வெளிய போகணும், இல்லேன்னா வேரு அழுகிரும். இவ்ளோதான் வடிகால்.

ஃபிலோமினா சேச்சி மாடியில வாடகைக்கு இருக்கறவங்க. வராந்தாவுல கம்பிக்கு வெளிய சட்டியைத் தொங்க விட்டு தக்காளி வச்சாங்க. மூணு வாரத்துல செடி மஞ்சளாயி, தலை தொங்கி, என் மேஜை மேல வந்து உக்காந்துச்சு. சட்டியைத் தூக்கினேன், கையே ஒடியற மாதிரி கனம். கவுத்தா, அடியில ஓட்டையே இல்லை! வழவழன்னு சிமெண்ட் பூசி, அதுக்கு மேல பெயிண்ட் வேற அடிச்சுருந்தாங்க, சட்டி கலர்லயே. சேறு கலக்கின தண்ணி என் காலு மேல கொட்டுச்சு, அது பாட்டுக்கு நாறுது. "என்ன சேச்சி இது, யாரு அடைச்சது?"ன்னு கத்தினேன். கீழ் வீட்டுக்காரி கொடியில காயப் போடற வெள்ளை முண்டு மேல சொட்டுதாம். சண்டை வந்துருச்சாம்.

சேச்சி கொஞ்சம் கூட அசரலை. என் தோள்ல தட்டிக் குடுத்துட்டு சொன்னாங்க: "செடி செத்தா உன்கிட்ட வந்து வேற வாங்கிக்கலாம் மோளே, கீழ் வீட்டுக்காரி என்கூட மிண்டாம, பேசாம போனா நான் எந்தக் கடையில போய் வேற ஒருத்தியை வாங்கறது?"

வெயில் பழக்கறது

நெழல்ல வளந்த நாத்தைப் பொசுக்குன்னு வெயில்ல வைக்கக் கூடாது. மொதல் நாள் கொஞ்ச நேரம், அடுத்த நாள் இன்னும் கொஞ்ச நேரம்னு காத்தும் வெயிலும் காட்டிப் பழக்கணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை இது. பலகையில பூவெல்லாம் வரைஞ்சு எழுதினேன்.

ஷாஜி சேட்டன் ஆட்டோ ஓட்டறவர். மிளகாய் நாத்து வாங்கினார். "கவலைப்படாதே செல்வி, நான் பழக்கிக்கறேன்"னார். அவர் பழக்கினது எப்படின்னா, சட்டியை ஆட்டோவுல தன் சீட்டுக்குப் பக்கத்துல கம்பியில கட்டிக்கிட்டு ஊர் பூரா சுத்தினார்! ஃபோர்ட்டு, தோப்பும்படி, பாலம் தாண்டி எறணாகுளம். பேசஞ்சர் எல்லாம் "இது என்ன சேட்டா?"ன்னு கேக்க, இவர் "டிரெயினிங்"னு சொல்லிருக்கார். ஒருத்தர் எலையைக் கிள்ளி மோந்து பாத்துருக்கார். ஒரு கொழந்தை பூவைத் தின்னுருச்சு. ஆமாங்க, பூ! பாவம் அந்தச் செடி, அந்த நெலமையிலயும் பூத்துருக்கு!

என்கிட்ட வந்தப்ப வெறும் குச்சி. கருப்பா கரி பிடிச்சு நின்னுச்சு. எனக்கு நெஜமாவே அழுகை வந்துருச்சு. அந்தப் பூ நின்னுருந்தா ஒரு மிளகாய் கெடைச்சுருக்குமே, என் முத்தம் தப்பிச்சுருக்குமேன்னு. சேட்டனும் துக்கமாத்தான் இருந்தார். குச்சியைத் தடவித் தடவிப் பாத்தார்.

"வெயிலு காட்டியாச்சு, காத்து காட்டியாச்சு, பஸ்ஸு பொகை காட்டியாச்சு, இடப்பள்ளி டிராஃபிக் பிளாக்குல ஒரு மத்தியானம் பூரா நின்னாச்சு, மனுஷனுக்கே இவ்ளோ டிரெயினிங் கெடையாதுல்ல செல்வி?"

கலைச்சு விடறது

(ஒரு அம்மச்சி வந்து வீட்டுப் பத்திரம் இருவது பக்கம் காப்பி எடுத்துட்டுப் போச்சு. எங்க விட்டேன்? ஆங்.)

ஒரே சட்டியில நெறைய விதை முளைச்சா, நல்லதா ரெண்டை விட்டுட்டு மீதியைப் பிடுங்கிறணும். அப்பதான் விட்டது தேறும். கலைச்சு விடறதுன்னா இதுதான். இது கல் மனசுக்காரங்க வேலை.

ஜமீலா இத்தா வெண்டை விதை வாங்கினாங்க. பாக்கெட்டை அப்படியே ஒரே சட்டியில கொட்டிட்டாங்க. அத்தனையும் முளைச்சுருச்சு! மட்டாஞ்சேரி சரித்திரத்துலயே என் கடை விதை அத்தனையும் முளைச்சது அன்னிக்குத்தான். நானே அவங்க வீட்டுக்குப் போனேன். சட்டிக்குள்ள பச்சைப் பசேல்னு, நூலு நூலா, ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டு, பஸ் ஸ்டாண்டு மாதிரி. "இத்தா, ரெண்டை விட்டுட்டு மத்ததை எடுத்துரலாம்"னு கையை நீட்டினேன். இத்தா என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க பாருங்க, வளையல் ஒடைஞ்சுருச்சு.

எந்த ரெண்டை விடுவே, எதைப் பாத்து முடிவு பண்ணுவேன்னு கேட்டாங்க. தெடமா இருக்கறதைன்னேன். நோஞ்சானா பொறந்தது அது செஞ்ச குத்தமான்னு கேட்டாங்க. சரி, வேற சட்டிக்கு மாத்தலாம்னேன். வேற சட்டி வைக்க எடம் எங்கன்னு ரூமைக் காமிச்சாங்க. எடம் இல்லைதான். கடைசியில எல்லாமே ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, மழைக்கு முன்னாடியே போய்ச் சேந்துருச்சு.

அன்னிக்கு வாசல் வரைக்கும் வந்து இத்தா சொன்னது இன்னும் காதுல இருக்கு: "இந்த ஒரே ரூம்ல நாங்க ஒம்பது பேரு வளந்தோம், எங்க உம்மா யாரையும் பிடுங்கி வெளிய எறியலை!"

மூடாக்கு

இதுல கஸ்டமரு எங்க அப்பாதான்.

அப்பா கார்ப்பரேஷன்ல துப்புரவு வேலை. விடிஞ்சும் விடியாம தொடப்பத்தை எடுத்துக்கிட்டுப் போறவர். எங்க வீட்டு வாசல்ல நான் கத்திரிக்கா வச்சேன். அடுத்தவங்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை, நானே வளத்து, யாரையாவது விட்டு இக்கா கையில குடுக்கச் சொல்லலாம்னு ஒரு கள்ளத் திட்டம். மண்ணு காயாம இருக்க காஞ்ச எலையைப் போட்டு மூடி வச்சேன். மூடாக்குன்னா அதுதான், மண்ணுக்குப் போர்வை.

காலையில பாத்தா சருகு இல்லை. சுத்தமா, கோலம் போடற மாதிரி கூட்டி வச்சுருக்கு. திரும்பப் போட்டேன். மறுநாளும் இல்லை. அப்பாகிட்ட கேட்டா, "எது? அந்தக் குப்பையா? கையி தன்னால போயிருச்சு"ங்கறார். வெளக்கினேன். தலையை ஆட்டினார். அடுத்த நாள் காலையில மறுபடியும் சுத்தம்! கூட்டறப்ப தொடப்பத்துல செடி வேற சாஞ்சுருச்சு. மே மாச வெயில், வெறும் மண்ணு, கத்திரி கருகிப் போச்சு. நான் போட்ட சத்தத்துல தெருவே எட்டிப் பாத்துச்சு. அப்பா சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டினார். அப்புறம் திரும்பினார்.

"ஊரான் வாசல்ல கெடக்கற சருகை அள்ளித்தாண்டி உன்னைப் படிக்க வச்சேன், அதை என் வாசல்லயே கொட்டி வச்சுட்டு, கூட்டாதேன்னா என் கையி கேக்குமா?"

உரம்

எங்க ஊர்ல மீன் கழுவின தண்ணியைச் செடிக்கு ஊத்துவாங்க, நல்ல உரம். பலகையில அதையே எழுதினேன். ஃபிலோமினா சேச்சி சட்டியில இருந்த சிமெண்டைக் கொத்தி எடுத்துட்டு, புது தக்காளியும் வச்சுக் குடுத்து, சேச்சியையும் மீன் தண்ணியே ஊத்தச் சொன்னேன். இந்தத் தடவை சொட்டற தண்ணிக்கு அடியில ஒரு பக்கெட்டு. கீழ் வீட்டுக்காரியும் சமாதானம். செடி ஜம்முன்னு எந்திரிச்சு, பூ விட்டு, பட்டாணி அளவுல பிஞ்சு கூட விட்டுச்சு! நான் தினம் அந்த வழியாத்தான் வீட்டுக்குப் போவேன், கழுத்தை ஒடிச்சுப் பாத்துக்கிட்டே.

அப்புறம் மழைக்கால டிராலிங் தடை வந்து, படகு எதுவும் கடலுக்குப் போகாம, பச்சை மீன் வெலை ஏறிப் போச்சு. சேச்சி வீட்ல கருவாடு. கருவாடு ஊற வச்ச தண்ணியை, அவ்ளோ உப்பையும், ஒரு சொட்டு வீணாக்காம, தினமும் தக்காளிக்கு! எலை ஓரம் எல்லாம் கருகி, பிஞ்சு உதுந்து, ஒரு வாரத்துல முடிஞ்சு போச்சு. நான் சட்டி மண்ணை எடுத்து நாக்குல வச்சுப் பாத்தேன். ஊறுகாய் போடலாம்.

"உணக்க மீனும் மீனுதானே மோளே, செத்த பிறகு வெயில்ல கெடந்ததுக்காக அதை மீனு இல்லைன்னு சொல்லிருவியா?"

ஒட்டு

ஆடி மழை கொட்டித் தீத்துச்சு. காய் எங்கயும் இல்லை. நாசர் இக்காவுக்கே என்னைப் பாத்து மனசு கேக்கலை போல. ஒரு நாள் அவரே வந்து, "ஒட்டு நாரங்கா ஒண்ணு எடு. என் வீட்ல வச்சு நானே காய் பறிச்சு என் கையிலயே வச்சுக்கறேன், பிரச்சினை தீந்துச்சு"ன்னு சிரிச்சார். ஏற்கனவே பிஞ்சு பிடிச்ச எலுமிச்சை ஒட்டுச் செடியாப் பாத்துக் குடுத்தேன். நாட்டுச் செடி வேரு மேல நல்ல ஜாதிக் கெளையை ஒட்டி வச்சது அது. ஒட்டுக்குக் கீழ இருந்து ஏதாவது துளுத்தா ஒடனே கிள்ளிப் போடணும் இக்கான்னு விரலை வச்சுத் தொட்டுக் காமிச்சேன். "ஆச்சு, ஆச்சு"ன்னார்.

ஓணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடி போய்ப் பாக்கறேன். கீழ இருந்து துளுத்தது மூணடி உசரம், கை நெறைய முள்ளு, சும்மா போலீஸ்காரன் மாதிரி நிக்குது. அது எத்தனை வருஷம் போனாலும் புளிச்ச காட்டுக்காய்தான் தரும். மேல இருந்த நல்ல கெளை? அதை இக்கா கத்திரியால வெட்டி எறிஞ்சுருக்கார், பிஞ்சோட! "ஏன் இக்கா, ஏன்?"ன்னு மட்டும் கேட்டேன்.

"கீழ இருந்து வந்தவன் நல்ல ஆரோக்கியம் மோளே, மேல இருந்தவன் வெறும் நோஞ்சான், வியாபாரம் பண்ற கச்சவடக்காரன் யாரை நம்பி மொதலு போடுவான், நீயே பறை, சொல்லு."

அறுவடை

உத்ராடத்தன்னிக்கு, அதாவது திருவோணத்துக்கு மொத நாள், சாயங்காலம் வரைக்கும் இக்கா கெடு. ஊரே சாமான் வாங்க ஓடிக்கிட்டு இருந்துச்சு. இக்கா கேட்டு பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துட்டார். நான் பலகையில ஒண்ணுமே எழுதலை.

மொதல்ல வந்தது ஷேணாய் சார். கையில பேப்பர்ல சுத்தின புடலங்காய், அவர் கையை விட நீளம். "வீட்ல காச்சது"ன்னு இக்கா மடியில வச்சார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அந்த விதையைப் பஞ்சு டப்பாவுல நானே பாத்தேனே! பின்னாடியே ஃபிலோமினா சேச்சி, தக்காளி, பளபளன்னு. ஜமீலா இத்தா வெண்டைக்காய், எல்லாம் ஒரே அளவு. ஷாஜி சேட்டன் பிரேக் போட்டு எறங்கி ஒரு பொட்டலம் மிளகாய். யாரும் என் மூஞ்சியைப் பாக்கலை. அப்பதான் புரிஞ்சுச்சு. இக்கா வச்ச கெடுவை எப்பவோ நான் ஷாஜி சேட்டன்கிட்ட பொலம்பிருந்தேன். அவர் ஆட்டோவுல ஏறினவங்க எல்லார்கிட்டயும் சொல்லிருக்கார். இவங்க எல்லாரும் எனக்காக மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க!

இக்கா ஒவ்வொரு பொட்டலமாப் பிரிச்சார். காயை எல்லாம் ஒரு பக்கம் வச்சார். பேப்பரை எல்லாம் இன்னொரு பக்கம் நீவி நீவி அடுக்கினார். அப்புறம் மேல இருந்த பேப்பரைத் தூக்கிப் பிடிச்சு, "சாரே, நீங்க வீட்ல எப்போ தமிழ் பேப்பரு வாசிக்கத் தொடங்கியது?"ன்னு கேட்டார். எல்லாத்தையும் பாத்தேன். அத்தனையும் தமிழ் பேப்பர். எங்க ஊருக்குக் காய்கறி எல்லாம் தமிழ்நாட்டு லாரியிலதானே வருது, கூடையில விரிச்ச பேப்பர்லயே சுத்திக் குடுத்துருவாங்க. ஷேணாய் சார் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சார். இத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டாங்க. ஷாஜி சேட்டன் மட்டும், "அதுல சினிமா நியூஸ் நல்லா இருக்கும் இக்கா"ன்னார்.

இக்கா சிரிக்கலை, கோவப்படவும் இல்லை. கோவப்பட்டுருந்தாக் கூடப் பரவாயில்லை. புடலங்காயை எடுத்து என் கையில குடுத்துட்டு எந்திரிச்சார். "உனக்காக பொய் பறைய இவ்ளோ பேரு இருக்காங்க மோளே, உனக்காக உயிரோட இருக்க ஒரு செடி இல்லையே."

அதுக்கப்புறம்

ஓணம் முடிஞ்சு டைல்ஸ் லாரி வந்துச்சு. நான் மிச்சம் மீதி சட்டியை எல்லாம் மதிலோரமா அடுக்கிக்கிட்டு இருந்தேன். அப்ப ஹன்ஸாபென் வந்தாங்க. குஜராத்தி, ரெண்டு தெரு தள்ளி வீடு. இவங்களைப் பத்தி நான் இது வரைக்கும் ஒரு வார்த்தை எழுதலையேன்னு கேப்பீங்க. எழுத என்ன இருக்கு? மழைக்கு முன்னாடி வந்து ரெண்டு பாவக்கா நாத்து வாங்கிட்டுப் போனாங்க, திரும்பி வரவே இல்லை. ஒரு கேள்வி இல்லை, ஒரு சண்டை இல்லை. நம்ம தொழில்ல சண்டை போடாதவங்க மூஞ்சி ஞாபகமே இருக்காது இல்லையா?

"என்ன பேட்டா, கடையைக் காலி பண்றே? எனக்கு இன்னும் ரெண்டு பாவக்கா நாத்து வேணுமே, போன தடவை வாங்கினது காச்சு ஓஞ்சுருச்சு"ன்னாங்க. கையில இருந்த சட்டியைப் போட்டுட்டேன். காச்சுதா? காச்சுச்சாம். மழை நின்னதுல இருந்து அவங்க வீட்ல வாரம் ரெண்டு நாள் பாவக்காதானாம். பந்தல் கட்டினாங்களாம், நுனி கிள்ளினாங்களாம், நான் பலகையில எழுதினதை எல்லாம் போற வர்றப்ப படிச்சு அப்படியே செஞ்சாங்களாம். "ஷாஜி சேட்டன் உங்ககிட்ட விஷயத்தைச் சொல்லலையா ஹன்ஸாபென்?"ன்னேன். சொன்னாராம். உத்ராடத்தன்னிக்குக் காலையில நாலு காய் பறிச்சுக் கையில எடுத்துக்கிட்டு இந்தக் கேட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டாங்களாம்.

நான் அவங்களை இழுத்துக்கிட்டு இக்காகிட்ட ஓடினேன். இக்கா எல்லாத்தையும் நின்னு கேட்டார். லாரியைப் பாத்தார். டைல்ஸ்காரருக்கு வாக்கு குடுத்தாச்சு. சுக்கு வித்த காலத்துல இருந்து அந்த மனுஷன் குடுத்த வாக்கை மாத்தினதில்லை, அது ஊருக்கே தெரியும். தாடியைத் தடவிக்கிட்டு அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: வாசல் வரைக்கும் வந்தவங்க ஏன் திரும்பிப் போனீங்க?

ஹன்ஸாபென் வெரலைக் காமிச்சாங்க. "பாய், இவ்ளோதான் நீளம், அதுவும் ஒரு பக்கம் வளைஞ்சு, பூச்சி கடிச்ச தழும்பு வேற, இதைக் கொண்டு வந்து காமிச்சா செல்வியோட கடைக்கு நாணக்கேடு இல்லையா, அதான் மார்க்கெட்ல நல்லதா நாலு வாங்கிட்டு வரலாம்னு போனேன், உத்ராடக் கூட்டத்துல கடைக்குள்ள நொழையவே முடியலை!"

ஆக, வளக்கத் தெரிஞ்சவங்களுக்குக் காட்ட வெக்கம், காட்ட வெக்கப்படாதவங்களுக்கு வளக்கத் தெரியாது, இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுக்கிட்டு செடி விக்கறதுக்குப் பேருதான் நர்சரி.